ஒரு கால் விலகினால் என்ன ஆகும்? ஈபிள் கோபுரத்தின் அடியில் இருந்த ஜாக்கிகளும், அவற்றை வைத்த மனிதரும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாண்டி வீரசோழன் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்கு மண்ணைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கரிசல். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி அடைமழையில் ஊதி, வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். அந்த மண்ணில் நட்ட வேலிக்கால்கூட நாலு வருஷத்தில் நட்ட இடத்தில் நட்ட மாதிரி நிற்காது. அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டாமல் கட்டிய வீட்டுச் சுவரில் கோணல்மாணலாக விரிசல் ஓடுவதும் இதனால்தான்.

இதே வறண்ட பூமியில், கமுதிப் பக்கம், 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர், ஏறக்குறைய 25 லட்சம் பேனல்கள். அந்தச் சமயத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப் பெரிய சோலார் நிலையம் என்று பேசப்பட்டது. இதுபோன்ற நிலையங்களில் ஆயிரக்கணக்கான இரும்புக் கால்களை மண்ணில் இறக்க வேண்டும். வரைபடத்தில் எல்லாக் கால்களும் ஒரே நேர்க்கோட்டில், ஒரே உயரத்தில் இருக்கும். தரையில் இருக்காது. ஒன்று ரெண்டு நூல் தள்ளிப்போகும், இன்னொன்று லேசாகச் சாயும், மற்றொன்று பாறை தட்டி மேலேயே நின்றுவிடும். ஆனால் அதன் மேல் வரும் பேனல் கண்ணாடி. கோணலாக இறுக்கினால் வெடித்துவிடும்.

அதனால்தான் பேனல் தாங்கும் சட்டங்களைக் கிட்டப்போய்ப் பார்த்தால், போல்ட் போடும் ஓட்டை பெரும்பாலும் வட்டமாக இருக்காது, நீளவாக்கில் இருக்கும். கால் எந்தப் பக்கம் விலகியிருந்தாலும் போல்ட்டை அந்த நீள ஓட்டைக்குள் நகர்த்தி, சட்டத்தை நேராக்கி, பிறகு இறுக்கிவிடலாம். சிம்பிளான விஷயம்தான். கால்கள் கச்சிதமாக அமையாது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, சரிசெய்யும் வசதியை இணைப்பிலேயே வைத்துவிடுவது.

இந்த யோசனையை இன்றுவரை யாரும் மறக்காத அளவுக்குப் பெரிதாகச் செய்துகாட்டியவர் குஸ்டாவ் ஈபிள். கோபுரத்தின் உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் அந்தக் கோபுரத்தில் மிக ஆபத்தான கட்டம் உச்சியில் வரவில்லை. தரையிலிருந்து 57 மீட்டர் உயரத்தில், முதல் தளத்தில் வந்தது. தனித்தனியாகச் சாய்ந்து எழுந்த நான்கு இரும்புக் கால்கள் அங்கே ஒன்றையொன்று சந்தித்தாக வேண்டும். சந்திக்காவிட்டால் கோபுரமே கிடையாது. ஈபிளின் சொத்திலும் பெரும்பகுதி போயிருக்கும்.

வினிகர் தொழிற்சாலைக்குப் போயிருக்க வேண்டியவர்

பிரான்ஸின் டிஜோன் நகரில் 1832 டிசம்பர் 15-ல் பிறந்தார். அப்பா முன்னாள் ராணுவ வீரர். வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் நிலக்கரி வியாபாரம் செய்த அம்மாதான். குடும்பப் பெயர் உண்மையில் பொனிக்ஹவுசன் என்ற ஜெர்மானியப் பெயர். ஈபிள் என்பது முன்னோர் வந்த மலைப்பகுதியை வைத்துச் சேர்த்துக்கொண்டது. 1880-ல்தான் சட்டப்படி ஈபிள் மட்டும் ஆனார்.

நம்ம ஊர் ஜேஇஇ மாதிரி அங்கே எகோல் பாலிடெக்னிக் நுழைவுத்தேர்வு. அதில் ஈபிளுக்கு இடம் கிடைக்கவில்லை. எகோல் சென்ட்ரல் கல்லூரியில் சேர்ந்து 1855-ல் முடித்தார். படித்த பிரிவு வேதியியல். மாமா ஒருவருக்கு வினிகர் தொழிற்சாலை இருந்தது. அங்கே போய் உட்காருவதுதான் திட்டம். குடும்பத்துக்குள் சண்டை வந்து அந்தக் கதவு மூடிக்கொண்டது. வேலை தேடிப் பாரிஸில் அலைந்தபோது, ரயில்வே பாலங்கள் கட்டிக்கொண்டிருந்த சார்ல் நெப்வே என்ற ஒப்பந்ததாரரிடம் சேர்ந்தார். இரும்பு அப்படித்தான் அவர் வாழ்க்கைக்குள் வந்தது.

முதல் பெரிய வேலை போர்தோ நகரில், கரோன் ஆற்றின் மேல் 500 மீட்டர் நீள ரயில் பாலம். வேலையை மேற்பார்க்கும் பொறுப்பு வந்தபோது ஈபிளுக்கு வயது 26 கூட நிரம்பவில்லை. 1860-ல் பாலம் முடிந்தது. ஆற்றுப் படுகைக்குள் தூண்களை இறக்குவதற்குக் காற்றழுத்த முறை; அவற்றை அழுத்தி உள்ளே தள்ள நீரழுத்தக் கருவிகள். தண்ணீருக்கும் சேற்றுக்கும் அடியில் தூணை நிறுத்துவது எவ்வளவு சிரமம், வரைபடத்தில் குறித்த இடத்துக்கும் கடைசியில் தூண் நிற்கும் இடத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்பதெல்லாம் சின்ன வயதிலேயே கண்ணால் பார்த்த பாடம். பின்னாளில் பாரிஸில் அவர் நம்பிய இரண்டு கருவிகளும் இங்கே பழகியவைதான்.

1862-ல் மரி கோத்லேயைத் திருமணம் செய்துகொண்டார். ஐந்து குழந்தைகள். 1866-ல் பாரிஸை ஒட்டிய லெவல்வா-பெரேயில் சொந்தப் பட்டறை தொடங்கினார். அதன்பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள் பாலம், ரயில் நிலையம், தேவாலயம், மார்க்கெட் கூரை என்று இரும்பில் என்ன முடியுமோ அத்தனையும் செய்தார். துண்டு துண்டாகக் கப்பலில் அனுப்பி, போன இடத்தில் போல்ட் போட்டுச் சேர்த்துக்கொள்ளும் ரெடிமேட் பாலங்களைக்கூட விற்றார்.

இரு கரையிலிருந்தும் வரும் வளைவு

1877-ல் போர்ச்சுகலின் போர்த்தோ நகரில் முடிந்த மரியா பியா பாலம்தான் அவரை உலகம் திரும்பிப் பார்த்த வேலை. டூரோ ஆறு ஆழம். நடுவில் தூண் நிறுத்த வழியில்லை. 160 மீட்டர் தூரத்தை ஒரே வளைவில் தாண்ட வேண்டும். கீழிருந்து சாரம் கட்டவும் முடியாது. இரு கரைகளிலிருந்தும் வளைவின் இரு பாதிகளையும் கம்பிவடத்தில் கட்டித் தாங்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, நடுவானில் சேர்த்தார்கள். அதே ஆண்டில் மனைவி மரி இறந்தார். ஈபிள் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மூத்த மகள் கிளேர் வீட்டுப் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

போர்த்தோவைப் பார்த்துத்தான் பிரான்ஸிலேயே கராபி பாலத்தை அவருக்குக் கொடுத்தார்கள். 165 மீட்டர் வளைவு, ஆற்றிலிருந்து 122 மீட்டர் உயரம். 1884-ல் வளைவு முடிந்தது.

இந்த இரண்டு பாலங்களிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. வளைவின் இரு முனைகளும் கரையில் இருக்கும் கல் அடித்தளத்தில் இறுகப் பதிக்கப்படவில்லை. கதவுக்குக் கீல் இருப்பதுபோல, லேசாகத் திரும்பக்கூடிய இணைப்பில் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். இறுகப் பிடித்திருந்தால் அந்த நெருக்கடியெல்லாம் அடித்தளத்தில் போய் முட்டும். கீல் இருந்தால் வளைவு கொஞ்சம் மேலே எழும்பி, கொஞ்சம் கீழே இறங்கிக்கொள்ளும். நம் ஊர் மேம்பாலங்களிலும் தூணுக்கும் தளத்துக்கும் நடுவில் கறுப்பாக ரப்பர் கட்டை ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரிய தூண், பெரிய தளம், நடுவில் சின்ன ரப்பர். அதன் வேலையும் இதேதான்: தளம் நகரலாம், தூண் நகராமல் இருக்கலாம்.

சுதந்திர தேவிக்குள் இருக்கும் ஸ்பிரிங்

நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் உருவம் சிற்பி பர்தோல்டியுடையது. உள்ளே நிற்கும் இரும்பு எலும்புக்கூடு ஈபிள் நிறுவனத்தின் வேலை. முதலில் அந்தப் பொறுப்பில் இருந்த வியோலே-லெ-டுக் 1879-ல் இறந்துபோக, வேலை ஈபிளிடம் வந்தது. கணக்குப் போட்டவர் அவரிடம் வேலை பார்த்த மொரீஸ் கெஷ்லான். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

சிலையின் வெளித்தோல் வெறும் 2.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்புத் தகடு. கையால் தட்டி உருவாக்கியது. ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு வளைவு. உள்ளே நிற்பதோ நேர்க்கோட்டில் செய்த நான்கு கால் இரும்புத் தூண். கோணல்மாணலான தோலையும் நேரான எலும்பையும் எப்படிச் சேர்ப்பது? நடுவில் தட்டையான இரும்புப் பட்டைகளை வைத்தார்கள். அவை ஸ்பிரிங் மாதிரி வளைந்து கொடுக்கும். தோலின் உட்புறம் ஓடும் பட்டைகளும் செம்பில் நேரடியாக அடிக்கப்படவில்லை. செம்பில் பொருத்திய சின்னச் சின்னப் பிடிகளுக்குள் நழுவிப்போகும்படி விடப்பட்டன. கடல் காற்று அடித்தாலும், வெயிலில் செம்பு விரிந்தாலும், தோல் தன் வழியில் அசையும், தூண் தன் வழியில் நிற்கும்.

1886-ல் திறந்த சிலை நூறு ஆண்டு தாங்கியது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். நடுவில் வைத்த தடுப்புப் பொருள் காலப்போக்கில் கெட்டுப்போக, துரு பொங்கி, நழுவ வேண்டிய பிடிகள் இறுகிப்போயின. அசைய இடமில்லாமல் ரிவெட்டுகள் பிய்த்துக்கொண்டு வந்தன. 1980-களில் நடந்த பெரிய பழுதுபார்ப்பில் அந்த இரும்புப் பட்டைகளை மாற்றித் துருப்பிடிக்காத எஃகு வைத்தார்கள். இடைவிட்டுச் செய்த இணைப்பு இறுகிப்போனால் அது சாதாரண இணைப்பைவிட மோசம். பராமரிப்புச் செலவை மறந்துவிட்டு இந்த முறையைப் புகழ்வது சரியாக இருக்காது.

கோபுரம் யாருடைய யோசனை?

1889-ல் பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டுக்குப் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதற்கு 300 மீட்டர் கோபுரம் ஒன்று கட்டலாம் என்று 1884-ல் முதல் படம் போட்டவர்கள் கெஷ்லானும், ஈபிளிடம் இருந்த இன்னொரு பொறியாளர் எமில் நூகியேவும். ஈபிள் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கட்டடக் கலைஞர் ஸ்தெஃபான் சோவெஸ்த்ர் கீழே அழகான வளைவுகள் சேர்த்து மாற்றிய பிறகுதான் மனம் மாறினார். காப்புரிமையில் தன் பெயரையும் சேர்த்து, பிறகு மற்ற இருவரின் பங்கையும் வாங்கிக்கொண்டார்.

அப்படியானால் பெயர் திருடிவிட்டாரா? அப்படிச் சொல்லிவிட முடியாது. யோசனை அவருடையதல்ல, ஆனால் ரிஸ்க் முழுக்க அவருடையது. சுமார் 65 லட்சம் பிராங்க் என்று மதிப்பிட்ட வேலைக்கு அரசு தந்தது 15 லட்சம் மட்டும். மீதியை ஈபிள் திரட்ட வேண்டும். பதிலுக்கு 20 ஆண்டு நுழைவுக் கட்டண வருமானம் அவருக்கு. எழுத்தாளர்களும் ஓவியர்களும் பாரிஸின் அழகு கெட்டுவிடும் என்று 1887 பிப்ரவரியில் பத்திரிகையில் கூட்டாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பக்கத்தில் குடியிருந்த ஒருவர், கோபுரம் தன் வீட்டின் மேல் விழுந்துவிடும் என்று வழக்கே போட்டார். விழுந்தால் நஷ்டம் தன் பொறுப்பு என்று ஈபிள் தனிப்பட்ட முறையில் ஏற்றுக்கொண்ட பிறகே வேலை நகர்ந்தது. இன்றைய ஸ்டார்ட்-அப் நிறுவனர்கள்கூட இப்படி ஒரு கையெழுத்துப் போட யோசிப்பார்கள்.

கால்கள் சந்திக்க வேண்டிய இடம்

1887 ஜனவரி 28-ல் அஸ்திவார வேலை தொடங்கியது. நான்கு கால்களில் இரண்டு சேன் ஆற்றை ஒட்டி வருகின்றன. அங்கே தண்ணீர் மட்டத்துக்குக் கீழே தோண்ட வேண்டும். போர்தோவில் பழகிய காற்றழுத்த முறை இங்கே கைகொடுத்தது. மற்ற இரண்டு கால்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லை. ஆக, ஒரே கோபுரத்தின் நான்கு கால்கள் இரண்டு விதமான தரையில் நிற்கின்றன. ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினால்?

கணக்கை இப்படிப் பார்க்கலாம். ஒவ்வொரு காலின் அடியும் தோராயமாக 15 மீட்டர் சதுரம். அந்தச் சதுரத்தின் ஒரு பக்கம் ஒரே ஒரு சென்டிமீட்டர் இறங்கினால், கால் முழுதும் சற்றே சாயும். 57 மீட்டர் உயரத்துக்குப் போகும்போது அந்தச் சாய்வு கிட்டத்தட்ட நான்கு சென்டிமீட்டராகப் பெருகியிருக்கும். ரிவெட் போடும் ஓட்டையைவிடப் பெரிய வித்தியாசம். பெரிய உத்தரத்தை மேலே தூக்கி வைத்தால் ஓட்டையும் ஓட்டையும் சேராது.

ஓட்டையைப் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஈபிளின் முறையில் அது நடக்காது. 18,038 இரும்புப் பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி வரைபடம். ஓட்டைகளின் இடம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிட்டது. எல்லாம் லெவல்வா பட்டறையிலேயே துளைபோட்டு வரும். பொருந்தாத பாகம் திரும்பப் பட்டறைக்குப் போகுமே தவிர, மேலே வைத்து யாரும் கடப்பாரையால் நெம்ப மாட்டார்கள். பாகங்களில் இம்மி பிசகக் கூடாது என்றால், பிசகு எல்லாவற்றையும் வேறெங்காவது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த இடம்தான் காலின் அடி.

ஒவ்வொரு காலிலும் நான்கு மூலைகளில் நான்கு பெரிய இரும்புத் தூண்கள், மொத்தம் 16. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கல் அடித்தளம். கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் எஃகுச் செருப்பு போல ஒரு பாகம். அந்தச் செருப்புக்குள் நீரழுத்த ஜாக்கி வைக்க இடம் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு ஜாக்கியும் 800 டன் தூக்கக்கூடியது. சாலை மட்டம் உயர்ந்ததும் பழைய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குவது இன்று தமிழ்நாட்டில் பரவலாக நடக்கிறது. அதே தத்துவம்தான். கைப்பம்பை அழுத்தினால் தூண் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக எழும்.

இது பாதி ஏற்பாடு. இன்னொரு பாதி மேலே. சாய்வாக எழும் கால்கள் ஒரு உயரம்வரை தாமாகவே நிற்கும். அதற்கு மேல் உள்பக்கமாகக் கவிழப் பார்க்கும். அந்தக் கட்டத்தில் கீழிருந்து 30 மீட்டர் உயர மரச் சாரங்கள் எழுப்பி முட்டுக் கொடுத்தார்கள். பிறகு முதல் தளத்தின் உத்தரங்களைத் தாங்க 45 மீட்டர் சாரங்கள். சாரத்தின் தலையில் நேரடியாக இரும்பை வைக்கவில்லை. நடுவில் மணல் பெட்டி. உருளை வடிவப் பெட்டி நிறைய உலர்ந்த மணல், அதன் மேல் பிஸ்டன், பிஸ்டன் மேல் கோபுரத்தின் கால். பெட்டியின் அடியில் இருக்கும் அடைப்பைத் திறந்தால் கொஞ்சம் மணல் கொட்டும், கால் கொஞ்சம் இறங்கும். அடைத்தால் நின்றுவிடும். பெட்டிக்குள் அடைபட்ட மணல் எவ்வளவு பாரத்தையும் அசையாமல் தாங்கும், ஆனால் திறந்துவிட்டால் தண்ணீர் மாதிரி ஒழுகும். ஓட்டை விழுந்த அரிசி மூட்டையைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஏற்ற ஜாக்கி, இறக்க மணல். அவ்வளவுதான் கருவி. இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, காலைக் கொஞ்சம் உள்ளே, கொஞ்சம் வெளியே, கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே நகர்த்தி, பட்டறையில் போட்ட ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வரும்வரை சரிசெய்தார்கள். 1887 டிசம்பர் 7-ல் முதல் தளத்தின் உத்தரங்கள் நான்கு கால்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. மில்லிமீட்டர் துல்லியம். அதற்குப் பிறகு நான்கு கால்கள் என்ற பேச்சே இல்லை, ஒரே மேஜை.

வேலை முடிந்ததும் ஜாக்கிகளை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எஃகு ஆப்புகளை இறுக்கினார்கள். சரிசெய்யும் வசதி கட்டும்போது மட்டும். கட்டி முடித்த பிறகு இறுக்கம். சோலார் சட்டத்தில் நீள ஓட்டைக்குள் போல்ட்டை நகர்த்திவிட்டுக் கடைசியில் நட்டை முறுக்குவது இதன் குட்டி வடிவம்.

இதற்குப் பிறகு வேலை ஓட்டமாக ஓடியது. தளத்தில் இருந்த ஆட்கள் சில நூறு பேர்தான். கூலி கேட்டு 1888-ல் வேலைநிறுத்தம் நடந்தது. ஈபிள் கொஞ்சம் இறங்கிவந்து சமாளித்தார். 25 லட்சம் ரிவெட்டுகள், சுமார் 7,300 டன் இரும்பு. 1889 மார்ச் 31-ல், லிஃப்ட் இன்னும் ஓடாத நிலையில், 1,710 படி ஏறி உச்சியில் கொடி ஏற்றினார். வயது 56. தொடங்கி இரண்டு வருஷம், இரண்டு மாதத்துக்குச் சற்று மேல். கண்காட்சி நடந்த அந்த ஒரு சீசனில் ஏறக்குறைய 20 லட்சம் பேர் கோபுரம் பார்க்க வந்தார்கள். போட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பிவிட்டது.

கோபுரத்தின் முதல் தளத்தைச் சுற்றி 72 விஞ்ஞானிகள், பொறியாளர்கள் பெயரைப் பொறித்து வைத்தார் ஈபிள். அதில் ஒரு பெண்கூட இல்லை. உலோகத் தகடு எப்படி வளையும், அதிரும் என்ற கணக்கில் முன்னோடியான சோஃபி ஜெர்மேன் பெயர் இல்லாதது இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது.

பனாமா என்ற பள்ளம்

கால்கள் சந்தித்த அதே 1887 டிசம்பரில் இன்னொரு ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். சூயஸ் கால்வாய் புகழ் லெசெப்ஸ் பனாமாவில் வெட்டிக்கொண்டிருந்த கால்வாய்க்கு, கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கும் அடைப்புத் தொட்டிகளைக் கட்டித் தருவது. கடல் மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்று பிடிவாதமாக இருந்த லெசெப்ஸ், கடைசி நேரத்தில்தான் வேறு வழியில்லாமல் இந்த முறைக்கு இறங்கிவந்திருந்தார். நேரம் கடந்துவிட்டது. 1889 பிப்ரவரியில், கோபுரம் முடிய சில வாரங்கள் இருக்கும்போது, கம்பெனி திவால். பல லட்சம் சிறு முதலீட்டாளர்களின் சேமிப்பு போனது. லஞ்சம் வாங்கிய எம்பிக்கள் பட்டியல் வெளியே வந்து நாடே கொந்தளித்தது.

ஈபிள் வெறும் ஒப்பந்ததாரர். ஆனால் வாங்கிய முன்பணத்தைச் சொன்ன வேலைக்குச் செலவிடவில்லை என்று குற்றச்சாட்டு. 1893 பிப்ரவரியில் இரண்டு ஆண்டு சிறை, 20,000 பிராங்க் அபராதம் என்று தீர்ப்பு. அந்த ஆண்டு ஜூனில் சில நாள் சிறையிலும் இருந்தார். பிறகு உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது. காரணம், வழக்குத் தொடரும் காலக்கெடு முடிந்துவிட்டது என்பது. நிரபராதி என்று யாரும் அறிவிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கம்பெனித் தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். கம்பெனியிலிருந்து அவர் பெயரும் எடுக்கப்பட்டது. அதன்பிறகு அவர் ஒரு பாலமும் கட்டவில்லை.

காற்றோடு கடைசி முப்பது ஆண்டுகள்

வயது 60. பணம் இருக்கிறது, தொழில் போய்விட்டது. கையில் மிச்சம் இருப்பது ஒரு கோபுரம். அதுவும் 20 ஆண்டுக் குத்தகை, 1909-ல் முடியும். நகராட்சி நினைத்தால் பிரித்துப்போட்டுவிடலாம். அதற்கு ஒரு பயனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

உச்சியில் வானிலைக் கருவிகள் வைத்தார். இரண்டாம் தளத்திலிருந்து கம்பி வழியாக விதவிதமான தகடுகளைக் கீழே விட்டு, காற்று எவ்வளவு எதிர்க்கிறது என்று அளந்தார். அவர் வாழ்நாள் முழுக்கப் பயந்தது காற்றுக்குத்தான். 1879-ல் ஸ்காட்லாந்தின் டே பாலம் புயலில் ரயிலோடு ஆற்றில் விழுந்த காலத்துப் பொறியாளர் அவர். 1909-ல் கோபுரத்தின் அடியிலேயே காற்றுச் சுரங்கம் அமைத்தார். 1912-ல் அதை ஓதேய் பகுதிக்கு மாற்றினார். விமானம் அப்போதுதான் பறக்கத் தொடங்கிய காலம். இறக்கையின் மேல்பக்கம் உருவாகும் உறிஞ்சு விசைதான் விமானத்தைத் தூக்குவதில் பெரும்பங்கு வகிக்கிறது என்று அளந்து காட்டினார். 1913-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் லாங்லி பதக்கம் கொடுத்தது. எண்பது வயதில் புதுத் துறையில் பதக்கம்!

கோபுரத்தைக் கடைசியில் காப்பாற்றியது கம்பியில்லாத் தந்தி. கேப்டன் குஸ்தாவ் ஃபெரியே என்ற ராணுவ அதிகாரியின் சோதனைகளுக்கு ஈபிள் கோபுரத்தைத் திறந்துவிட்டார், செலவையும் ஏற்றார். ராணுவத்துக்கு உயரமான ஆண்டெனா கிடைத்தது. குத்தகை 1910 முதல் நீட்டிக்கப்பட்டது. முதல் உலகப் போரில் எதிரியின் செய்திகளை ஒட்டுக்கேட்க அந்த ஆண்டெனா பயன்பட்டது.

1923 டிசம்பர் 27-ல், 91 வயதில், பாரிஸ் வீட்டில் இறந்தார். பட்டறை இருந்த லெவல்வா-பெரே கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம். கோடை வெயிலில் கோபுரம் இன்றும் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் நீள்கிறது. வெயில் படும் பக்கம் விரிய, உச்சி எதிர்ப்பக்கம் சாய்ந்து மாலையில் திரும்பி வருகிறது. அடியில் 16 தூண்களும் ஆப்பு இறுக்கிய அதே இடத்தில் நிற்கின்றன.